மவுண்டன் பாத் (காலாண்டிதழ்)

தி மவுண்டன் பாத், திருவண்ணாமலை ஸ்ரீ ரமணாசிரமம் வெளியிட்டுவரும் ஆங்கில ஆன்மிகக் காலாண்டிதழ். முதல் இதழ் 1964 ஜனவரியில் வந்தது. நிறுவன ஆசிரியர் ஆர்தர் ஆஸ்பர்ன். வெளியீட்டாளர், அப்போதைய ஆசிரமத் தலைவர் டி. என். வெங்கடராமன். பெயரில் உள்ள மலை அருணாசலம்.

ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தபின் ஆசிரமத்தில் கூட்டம் குறைந்தது. அடியார்கள் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பிரிந்து போனார்கள். நேரில் பேசிய குரு இல்லாத நிலையில் அவர்களுக்கு ஒரு பொது இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தை அச்சுத்தாளில் அமைத்தார் ஆஸ்பர்ன். பம்பாயிலிருந்து 1950களில் வந்த தி கால் டிவைன் என்ற இதழும் ரமணர் நெறியைப் பேசியதுதான். ஆனால் அது ஆசிரம வெளியீடு அல்ல. ஆகவே இவ்வகையில் முதல் இதழ் என்ற சிறப்பு மவுண்டன் பாத்துக்கே உரியது.

ஆஸ்பர்ன்

1906இல் லண்டனில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்த ஆஸ்பர்ன், போலந்தில் ஆசிரியராக இருந்தபோது அந்நாட்டைச் சேர்ந்த லூசியாவை மணந்தார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே கெனோனின் எழுத்து அவரை ஆன்மிகத்தின் பக்கம் திருப்பியது. நவீன உலகின் நெருக்கடி பற்றிய கெனோனின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. சூபி மரபில் தீட்சை பெற்று இஸ்லாத்தையும் தழுவினார். பிறகு சயாமின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1941இல் இந்தியா வந்த குடும்பம் திருவண்ணாமலையில் தங்கிவிட, அவர் மட்டும் பாங்காக் திரும்பினார். ஜப்பானியரிடம் சிறைப்பட்டுப் போர் முடியும்வரை முகாமில் இருந்தார். 1945இல் விடுதலையாகி ரமணரிடம் வந்து சேர்ந்தார். சென்னையில் செய்தித்தாள் வேலை, கல்கத்தாவில் பள்ளி முதல்வர் பணி என்று சில ஆண்டுகள் கழிந்தபின், 1958இல் மலையடிவாரத்துக்கே திரும்பினார்.

இதழ் தொடங்குமுன்பே ரமணர் வாழ்க்கை வரலாறு (1954), ரமணர் நூல்களின் ஆங்கிலத் தொகுப்பு (1959), உபதேச மொழிகளின் தொகுப்பு (1962) ஆகியவற்றால் அவர் பெயர் பரவியிருந்தது. முதல் தனிக்கணினி முன்னோடிகளுள் ஒருவரும் 1981இல் ஆஸ்பர்ன் 1 என்னும் கையில் தூக்கிச் செல்லும் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவருமான ஆடம் ஆஸ்பர்ன் இவருடைய மகன். சிறு வயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர்.

தொடக்க இதழ்கள்

எல்லாச் சமயங்களின் மெய்ஞ்ஞான மரபையும் எடுத்துரைப்பது, இக்காலச் சூழலில் வாழும் சாதகருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று தெளிவாக்குவது ஆகிய இரண்டையும் இதழ் தன் நோக்கமாக வைத்தது. இதனால் ஒரே இதழில் வேதாந்தமும் சூபி ஞானமும் ஜென்னும் கிறித்தவ அருளாளர்களும் அடுத்தடுத்து நின்றார்கள். தத்துவப் பேராசிரியர் டி. எம். பி. மகாதேவன், ரமணரின் நேரடி அடியார் எஸ். எஸ். கோஹன், வெய் வூ வெய் என்ற புனைபெயரில் எழுதிய டெரன்ஸ் கிரே, இங்கிலாந்தின் டக்ளஸ் ஹார்டிங், பௌத்த அறிஞர் லாமா அனாகரிக கோவிந்தா ஆகியோர் எழுதினார்கள். ஆஸ்பர்னும் அப்துல்லா குத்புதீன் என்ற பெயரில் இஸ்லாமிய ஞானம் பற்றி எழுதினார். ரமணர் இதழாக மட்டும் நின்றிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. ரமணர் எந்தச் சமயத்தாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. வந்தவர்கள் நின்ற இடத்திலிருந்தே அவர்களை, தன்னையே ஆராயும் விசாரத்துக்குத் திருப்பினார். அந்த அகலத்தை இதழ் காத்தது முறையே.

தொடர்களுள் ஜி. வி. குல்கர்னியும் ஆஸ்பர்னும் சேர்ந்து செய்த பகவத் கீதை மொழிபெயர்ப்பு குறிப்பிடத்தக்கது. ரமணரின் உபதேசங்களை அவர் அடியார் முருகனார் பாடலாக்கிய குருவாசகக் கோவையைப் பேராசிரியர் கே. சுவாமிநாதன் ஆங்கிலமாக்கினார். அடியார்கள் தாங்கள் மகரிஷியிடம் வந்த கதையைத் தாங்களே சொல்லும் பகுதியோ வரலாற்றாசிரியருக்குப் புதையல். அன்று எழுதி வாங்காவிட்டால் அந்த நினைவுகள் பலவும் அவர்களோடே போயிருக்கும்.

இதழின் உயிர்நாடி வாசகர் கடிதப் பகுதி. உடலோடு இல்லாத குரு வழிகாட்ட முடியுமா, முறையான தீட்சை இன்றி விசாரம் பலிக்குமா, இல்லறத்தில் இருந்தபடி சாதனை செய்யலாமா என்று கேட்டு எழுதினார்கள். ஆஸ்பர்ன் சுற்றி வளைக்காமல் பதில் தந்தார். தீட்சை கட்டாயம் என்ற கெனோன் வழியில் வந்தவரே, ரமணரின் அருளுக்கு அந்த நிபந்தனை இல்லை என்று உறுதியாகச் சொன்னது கவனிக்க வேண்டியது. ஆசிரமச் செய்திப் பகுதி ஜயந்தி, ஆராதனை விழாக்களையும் வந்துபோன அன்பர்களையும் பதிவு செய்தது. ஆசிரமம் அமைந்த செங்கம் சாலையின் 1960களின் சூழலை அறிய இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

பிற்காலம்

ஆஸ்பர்ன் 1970 மே மாதம் பெங்களூரில் காலமானார். லூசியா ஆஸ்பர்ன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பின்னர் ரமணர் அஷ்டோத்தரத்தை இயற்றிய விசுவநாத சுவாமியும், வெங்கடராமனின் மகன் வி. கணேசனும் இதழை நடத்தினார்கள். காலப்போக்கில் ரமணரையும் அருணாசலத்தையும் பற்றிய கட்டுரைகள் கூடின. இதழ் இன்றும் வருகிறது; பழைய இதழ்களை ஆசிரம இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.