மதில்: கோட்டைச் சொல்லும் கோயில் சுவரும்

மதில் என்றதும் இன்று நினைவுக்கு வருவது கோயில் மதில். அதைவிட்டால் வீட்டுச் சுற்றுச்சுவர். ஆனால் பழந்தமிழில் அது போர்ச்சொல். மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் இலக்கண நூலார் திணையே வகுத்தார்கள். மதுரை மதில்மேல் நின்ற போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிச் சொல்கிறது. தேவாரத்தில் சிவன் எரித்த முப்புரம் ‘மும்மதில்’ ஆகிறது. சுவரின் பெயரே கோட்டை முழுவதற்கும் நிற்கிறது. கோயிலுக்கு வந்ததும் இச்சொல் போரை மறந்துவிட்டது என்று பொதுவாக எண்ணுகிறோம். கடலூர்ப் பகுதியின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

முப்புரம் எரித்த தலமான திருவதிகையின் கோயிலையே 1750இல் பிரெஞ்சுப் படை கோட்டையாகக் கைப்பற்றியது. கர்நாடகப் போர்களில் சிதம்பரம் கோயில் பலமுறை கைமாறியது. 1781 ஜூனில் மைசூர் ஹைதர் அலியின் படை அதனுள் இருந்தபோது ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கினார். ஊர்க்காவலை உடைத்து நுழைந்த அவருடைய வீரர்கள் கோயிலைப் பிடிக்க முடியாமல் பேரிழப்போடு பின்வாங்கினார்கள். இத்தனைக்கும், ஜூலை முதல் நாளில் பரங்கிப்பேட்டை வெளியில் ஹைதரையே வென்றவர் அவர்.

கோயில் மதில் வழிபாட்டுக்கான திருச்சுற்றுதானே, அரண் ஆகுமா என்று கேட்கலாம். கட்டியவர் நோக்கம் வழிபாடே, அதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த கற்சுவர், நான்கே வாயில்கள், உள்ளே வற்றாத நீருக்குச் சிவகங்கைக் குளம், படை தங்க மண்டபங்கள் என முற்றுகையைத் தாங்க வேண்டிய அத்தனையும் சிதம்பரத்தில் இருந்தன. அரணைத் தீர்மானிப்பது நோக்கம் மட்டுமல்ல, அமைப்பும்தான்.

அப்படியானால் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஏன் யாரும் மதில் என்னவில்லை? பீரங்கிதான் காரணம் என்பது என் கருத்து. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்து ஊர்களும் விலையில் அடங்கின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரை இதோடு இணைத்துச் சொல்வார்கள். குண்டுக்கு உயர்ந்த சுவர் எளிய இலக்கு. ஆகவே கோட்டையின் வலிமை தாழ்ந்து தடித்த மண்ணணைக்கும் கொத்தளத்துக்கும் அகழிக்கும் மாறியது. உயரம் எங்கே நிலைத்ததோ அங்கேயே மதில் என்ற சொல்லும் நிலைத்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். சிதம்பரத்து மதில் கூட்டின் படையைத் தடுத்தது அதற்கும் 23 ஆண்டுகளுக்குப் பிறகு.