கொடி அறுத்தவர்களும் கோப்பு பார்த்தவர்களும்

எங்க ஆயா கொடி அறுக்கப் போவாங்க. ஊர்த்தெருவில் யாருக்காவது இடுப்புவலி கண்டால் ராத்திரி எந்நேரமானாலும் சேரிக்கு ஆள் வரும். கொல்லைப்புற வழியாகத்தான் உள்ளே போகணும். பிள்ளை தலை காட்டுகிறவரை ஆயாவின் கைதான் அந்த வீட்டுக்குச் சாமி. நஞ்சுக்கொடி விழுந்து, அதைப் புதைத்து, தீட்டுத்துணியை அலசிப் போட்டதும் அதே கை தீட்டுக் கையாகிவிடும். முறத்தில் நெல்லும் ஒரு பழம்புடவையும் தள்ளி வைப்பார்கள். ஆயா எடுத்துக்கொண்டு வருவார். எத்தனை பிரசவம் பார்த்தாரென்று அவருக்கும் கணக்கில்லை, அரசாங்கத்துக்கும் கணக்கில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. முடித்தவள், ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கணும் என்று வந்து நின்றாள். சுகாதாரத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடம் வந்தாள். அவள் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தக் கூலிக்குத் தரை துடைக்கிறார். "அம்மா வேலை பாக்குற எடத்துல சீட்டுல உக்காந்து வேலை பாக்கணும் மாமா" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லத் தேடியபோதுதான் இந்தப் படிப்பின் பின்னால் இருக்கும் கதை முழுசாகப் புரிந்தது.

சென்னையில் மருத்துவக் கல்லூரி 1835-ல் தொடங்கியது. 1875-ல் பெண்களைச் சேர்த்தார்கள். அப்படிப் படித்தவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-ல் பெண்களுக்கென ஒரு ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாயிருந்தார். அதன் பெயரைக் கவனியுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருந்தது. ஆனால் எல்லாரும் வந்து படுக்கிற அந்தக் கட்டிலில் சாதிப் பெண் படுக்கமாட்டாள். அதற்காகத் தனியாக ஒன்று. முகத்திரை போடும் முஸ்லிம் பெண்களுக்குத் தேவை என்பதாவது புரிகிறது. சாதியை ஒரு நோயாளியின் தகுதியாக வாசலில் எழுதி வைத்த ஆஸ்பத்திரி இது. பிற்பாடு அது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி ஆனது. திருவல்லிக்கேணியில் இன்னமும் சனங்கள் அதை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். சாதி என்கிற சொல் மட்டும் மக்கள் வாயிலிருந்து நழுவிவிட்டது. நழுவியதா, யாரும் தள்ளினார்களா, தெரியாது.

1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியை உண்டாக்கினார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் குறிப்புகளில் மருத்துவச்சி என்றாலே அழுக்கு, அறியாமை, சாவு. ஜன்னி கண்டு தாய்மார் செத்தது நிஜம்தான். எங்க ஆயா அரிவாளைச் சுட்டுத்தான் கொடி அறுத்தார் என்று நான் பெருமை பேசப்போவதில்லை. ஆனால் அந்த வேலையை ஏன் எங்கள் சேரிப் பெண்களும் நாவிதர் வீட்டுப் பெண்களும் மட்டுமே பார்த்தார்கள், ஏன் வேறெவரும் தொடவில்லை என்பதை அந்தக் குறிப்புகள் கேட்கவே இல்லை. ரத்தமும் மலமும் யார் தலையில் சுமத்தப்பட்டது என்று கேட்டிருந்தால், பயிற்சி மட்டும் போதாது என்று தெரிந்திருக்கும்.

1943-ல் போர் குழு அமைந்தது. ஜோசப் போர் தலைவர். நம்ம ஊர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் உறுப்பினர்களில் ஒருவர். 1946-ல் அறிக்கை வந்தது. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கெல்லாம் மூலம் அந்த அறிக்கைதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதில் ஒரு கணக்கு: 43,000 பேருக்கு ஒரு நர்ஸ், 60,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. மொத்த மருத்துவச்சிகள் 5,000 பேர்! கோடிக்கணக்கான சனம் இருந்த தேசத்தில் பிள்ளை பெற்றுப்போட்டது யார் கையில்? எங்க ஆயா கையில். ஆயாக்கள் அந்த 5,000-க்குள் இல்லை. பட்டியலில் இல்லாத ஆளுக்குப் பணி உயர்வு எங்கே, ஓய்வூதியம் எங்கே?

நிர்வாகம் என்கிற படிப்பு வேறு பாதையில் வந்தது. 1932-ல் ராக்பெல்லர் நிதியோடு கல்கத்தாவில் அகில இந்திய பொது சுகாதார நிறுவனம். 1964-ல் டில்லியில் சுகாதார நிர்வாகத்துக்கென்று தேசிய நிறுவனம்; 1977-ல் அது குடும்ப நல நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டது. 1984-ல் ஜெய்ப்பூரில் இன்னொன்று. முதலில் இதெல்லாம் டாக்டர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான். ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவருக்கு இன்னும் உயரமான நாற்காலி. கீழே துடைப்பம் பிடித்தவருக்குப் பயிற்சி என்று ஒன்று இருந்ததா? நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றிலும் பார்க்கவில்லை. பினாயில் எவ்வளவு ஊற்றணும் என்பதுகூட வாய்வழிதான்.

இந்த இடத்தில் ஜாம்கேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். மகாராஷ்டிரத்தில் வறண்ட பகுதி. நம்ம வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970-ல் அங்கே போனார்கள். முதலில் படித்த நர்சுகளைக் கிராமங்களில் அமர்த்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. தனியாக ஊரில் தங்க அந்தப் பெண்களுக்குக் கஷ்டம். ஊர் சனமும் ஒட்டவில்லை. பிறகு அந்தந்த ஊர்ப் பெண்களையே எடுத்தார்கள். நிறையப் பேர் தலித் பெண்கள், எழுத்து தெரியாதவர்கள். வாராவாரம் ஜாம்கேட்டுக்கு வந்து சேர்ந்து இருந்து, சேர்ந்து சாப்பிட்டுப் படித்தார்கள். அந்தச் சோறு லேசில் இறங்கவில்லை. சாதிப் பெண்கள் முதலில் முறுக்கிக்கொண்டார்கள்.

அங்கே படித்தது என்ன? ஊரைக் கணக்கெடுப்பது, பிள்ளையை எடைபோடுவது, தடுப்பூசி யாருக்கு விட்டுப்போச்சு என்று பார்ப்பது, கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்வது, எதை ஜாம்கேட்டுக்கு அனுப்பணும் எதை ஊரிலேயே பார்க்கலாம் என்று முடிவெடுப்பது. தண்ணீர்க் கைப்பம்பை தலித் குடியிருப்பில் போட வைத்தார்கள். ஊர் சனம் குடத்தோடு அங்கே வரவேண்டியதாயிற்று. 1971-ல் ஆயிரம் பிறப்புக்கு 176 சிசுக்கள் செத்த பகுதி அது. 1990-களில் அந்த எண் 30-க்கும் கீழே வந்தது. இன்று வகுப்பறையில் திட்டமிடல், கண்காணிப்பு, தகவல் மேலாண்மை என்று பாடமாக எடுப்பதை அந்தப் பெண்கள் செய்தே காட்டினார்கள்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, தொண்டு. 2005-ல் வந்த ஆஷா திட்டமும் அதே தொண்டைத்தான் நாடு முழுக்கப் பரப்பியது. நம் பெண்கள் செய்தால் தொண்டு, பட்டம் வாங்கியவர் செய்தால் மேலாண்மை. நல்லா இருக்கு நியாயம்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் சரி மாமா, நான் எங்க சேர்றது?" என்றாள். அதுதானே கேள்வி! தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் பேசிவிட்டு வந்திருந்தாள். உதவித்தொகை வரும், கையெழுத்து மட்டும் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-ல் அம்பேத்கர் போராடி வாங்கியது. 2018-ல் வந்த மத்திய விதிகள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது என்று சொல்லிவிட்டன. மேனேஜ்மென்ட் படிக்கப் போய் மேனேஜ்மென்ட் கோட்டாவிலேயே மாட்டிக்கொள்வது எத்தனை பிள்ளைகளுக்கு நடந்திருக்கும்! நடுவில் நிதி நின்றால், கல்லூரி சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுகூடக் கைக்கு வராது.

இட ஒதுக்கீடு உள்ள அரசு இடங்களைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம். பொது சுகாதார முதுகலைப் படிப்பை 1997-லேயே தொடங்கிய இடம். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒன்று, பொது சுகாதாரம் வேறொன்று என்பதையும் விளக்கினேன். முன்னது கட்டடத்துக்குள் படுக்கை, மருந்து, பில், ஆள் கணக்கு. பின்னது ஊருக்குள். எதில் சேரப்போகிறாய் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தோடு வந்தாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் சரியாக அடுக்கியிருந்தாள். தாயின் தொழில் என்கிற கட்டம் மட்டும் காலி. "அம்மாகிட்ட கேட்டேன், கூலின்னு போட்டுக்கன்றாங்க" என்றாள். பத்து வருசமாக அந்த அம்மா பிரசவ வார்டில் ரத்தம் துடைக்கிறார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஒப்பந்தக்காரரின் நோட்டில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே 'மருத்துவமனைப் பணியாளர், பிரசவ வார்டு' என்று எழுதினாள். எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.