மூடிய கதவும் பேசிய பெட்டியும்

கல்வியைத் தேடிச் செல்வது மாணாக்கரின் கடன் என்று கேட்டே நாம் வளர்ந்தோம். பள்ளியின் கதவே அடைபட்டுவிட்டால், கல்விதான் மாணாக்கரைத் தேடி வரவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சியரா லியோனின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

2014ஆம் ஆண்டு கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா என்னும் கொடுநோய் பரவிற்று. நோயுற்றோரைத் தொடுவதால் தொற்றும் பிணி அது. ஜூலை இறுதியில் சியரா லியோனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விடுமுறை கழிந்தும் பள்ளிகள் திறக்கப்படவில்லை. மூன்று நாடுகளிலுமாக ஏறத்தாழ 50 இலட்சம் பிள்ளைகள் கல்வியிழந்து நின்றனர்.

மின்சாரம் எட்டாத சிற்றூர்கள் மிகுந்த அந்நாட்டில் வானொலியே ஆசானாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் கல்வி அமைச்சகம், யூனிசெஃப் முதலிய அமைப்புகளின் துணையுடன் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. பொருளும் கருவியும் அயல்நாடுகளிலிருந்து வந்தன. பாடம் சொன்ன குரலோ அம்மண்ணின் ஆசிரியர்களுடையது. உதவி என்பது இவ்வாறே அமையவேண்டும் என்பது நம் கருத்து.

எனினும் குறைகளை மறைப்பது வரலாறாகாது. எல்லா வீட்டிலும் வானொலி இல்லை; இருந்த வீட்டிலும் மின்கலம் வாங்கக் காசில்லை. ஐயம் எழுந்தால் பெட்டியிடம் கேட்கவும் இயலாது.

2015 ஏப்ரல் 14 அன்று பள்ளிகள் திறந்தன. கைகழுவ நீரும், உடல்வெப்பம் அறியும் கருவியும் வாயிலில் காத்திருந்தன. ஆனால் அதே வாயில் ஒரு சாராருக்கு அடைபட்டது. வறுமையும் வன்கொடுமையும் மலிந்த அந்நாட்களில் கருவுற்ற சிறுமியர் பலர். அவர்கள் மற்ற மாணவியருடன் அமர்ந்து பயிலலாகாது என அரசு தடுத்தது. தனி வகுப்புகள் ஏற்பட்டபோதும் இழிவு நீங்கவில்லை. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் அத்தடை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது.

அம்மாத இறுதியிலேயே கொரோனாவால் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. இம்முறை நாடு திகைத்து நிற்கவில்லை. முன்னைய பட்டறிவின் துணைகொண்டு வானொலிப் பாடங்களை விரைந்து தொடங்கியது.

நோய் மூடிய கதவைத் திறக்க உலகம் கைகொடுத்தது. மனிதர் மூடிய கதவைத் திறக்க ஐந்தாண்டுகள் ஆயின. இவற்றுள் எது கொடியது என்பதை நம் இல்லங்களில் பெண்மக்களை வளர்ப்போர் சிந்திப்பார்களாக.