கடலூருக்கு இடம் போதாத 14 பைட்டுகள்

கடலூர், சிதம்பரம் பக்கம் சுற்றி எடுத்த கோயில், கல்வெட்டுப் படங்களை ஊர்வாரியாகத் தமிழிலேயே பெயர் வைத்து அடுக்குகிறேன். ஒரு நாள் அந்தப் பெயர்கள் எத்தனை பைட்டு என்று சும்மா கணக்குப் போட்டேன். அதில் கிளம்பியதுதான் இது.

1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு ஃபைல் பெயருக்கு 14 பைட்டுதான் இடம். 1988ல் ஐஇஇஇ வெளியிட்ட போசிக்ஸ் தரநிலையும் 'குறைந்தது இவ்வளவாவது தாங்கணும்' என்று அதே 14ஐ எடுத்துக்கொண்டது. 1992ல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. ஆக 'கடலூர்' 18 பைட்டு, 'சிதம்பரம்' 27. இரண்டு ஊருமே உள்ளே நுழையாது!

இன்றைய லினக்ஸில் வரம்பு 255 பைட்டு. நீளம் பிரச்சினை இல்லை, எழுத்துதான் பிரச்சினை. எங்கும் செல்லும் என்று போசிக்ஸ் உறுதி தருவது 65 குறிகளுக்கு மட்டும்: ஆங்கில எழுத்து 52, எண் 10, புள்ளி, அடிக்கோடு, இடைக்கோடு. மற்றதெல்லாம் அந்தந்த இயங்குதளத்தின் இஷ்டம்.

அந்த இஷ்டம் எங்கே கொண்டுபோய் விடும்? சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் 'கொ'வை ஒரே ஒகரக் குறியோடு எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். பைட்டில் 'கொள்ளிடம்' முதல் வகையில் 27, அடுத்ததில் 30.

லினக்ஸின் எக்ஸ்ட்4 வழக்கமாகக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். 1998ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் சேமிக்கும். 2017ல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடி வைத்து, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2007ல் மேக் ஓஎஸ் 10.5 முறைப்படி யூனிக்ஸ் சான்று வாங்கியது. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் வாங்கவே இல்லை. சான்று வாங்கியது நம் பெயரைப் பிரித்தது, வாங்காதது காப்பாற்றியது. தரநிலை 65 குறிகளோடு நின்றுவிட்டதால் இதைக் கேட்க ஆளில்லை.

விளைவு? பழைய மேக் வட்டிலிருந்து லினக்ஸுக்கு வந்த 'கொள்ளிடம்' ஃபோல்டரைத் தட்டச்சு செய்து திறந்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று வரும். கடலூரும் சிதம்பரமும் தப்பிக்கும். அவற்றில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி இல்லை. சேத்தியாத்தோப்பும் காட்டுமன்னார்கோயிலும் மாட்டிக்கொள்ளும். நூறு ஊரில் 'ஓ' வரும் ஊர்கள் மட்டும் பேக்கப்பில் விடுபட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

அதனால், எங்கிருந்து நகலெடுத்தாலும் முதல் வேலையாகப் பெயர்களை என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். கன்வ்எம்வி என்ற சின்னக் கருவி போதும். தமிழில் பெயர் வைப்பதை மட்டும் விடுவதாக இல்லை.