படி முதல் பாக்கெட் வரை

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் தேவாரம். இந்தப் பகுதி மக்கள் பலர் அதிகாலையிலேயே ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் வருகிறார்கள். அன்றாடக் கூலியில் அன்றாடம் சாமான் வாங்கும் வீடுகளில் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள்தான் அதிகம் புழங்கும். விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வியாபார முறை முதலில் கைவைப்பதும் இந்தப் பாக்கெட்டுகளில்தான். இதை இப்போது ‘ஷ்ரிங்க்ஃப்ளேஷன்’ என்கிறார்கள். பெயர் புதிது. அளவில் கைவைக்கும் பழக்கம் மிகப் பழையது.

எடைக்கற்களையும் அளவைகளையும் கண்காணிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. வாங்கும்போது கூடுதலாக எடுக்காமலும், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் நடந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அப்படி நடக்காதவர்களும் இருந்ததால்தானே அது புகழாகிறது! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்ற மரக்கால் வருகிறது. அது ‘ராஜகேசரி’ என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. இறைவன் பெயரும் அரசன் பட்டமும் மரக்காலுக்கு வைக்கப்பட்டன என்றால், அளவு என்பது எவ்வளவு பெரிய விஷயமாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

படியும் தராசும் இருந்த காலத்தில் ஏமாற்று வேலை கடைக்காரர் கையில் இருந்தது. படியின் அடித்தகட்டை உள்பக்கமாகத் தட்டிவிடுவது, தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டுவது என்று பல வழிகள் உண்டு. ஆனால் அளப்பது வாங்குபவர் கண்ணெதிரே நடந்தது. ‘என்ன இப்படித் தலைதட்டி அளக்கிறீர்கள்?’ என்று சண்டை போடலாம். கொசுறும் கேட்கலாம். ஊருக்கு ஊர் மாறிய படிகளுக்குப் பதிலாக நாடு முழுதும் ஒரே அளவு வேண்டும் என்று 1956-ல் எடையளவுகள் தரநிர்ணயச் சட்டம் வந்தது. 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்தன.

அடுத்து வந்தது பாக்கெட். ஒட்டி மூடிய பாக்கெட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வாங்குபவர் பார்க்க முடியாது. எனவே 1976-ல் புதிய சட்டமும், 1977-ல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகளும் கொண்டுவரப்பட்டன. தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்பதோடு அவை நிற்கவில்லை. தேயிலை, காப்பி, பிஸ்கட், சமையல் எண்ணெய் போன்ற பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்று ஒரு பட்டியலும் இருந்தது. இடையில் சில சலுகைகள் இருந்தாலும், எல்லாக் கம்பெனியும் 100 கிராம், 250 கிராம் என்று ஒரே அளவில் விற்றால் விலையை ஒப்பிடுவது எளிது என்பதே அதன் நோக்கம்.

இதே காலகட்டத்தில் சில்லறைக் காசை நம்பிய ஒரு புரட்சி கடலூரில் நடந்தது. சின்னி கிருஷ்ணன் ஷாம்பு போன்றவற்றைச் சிறு பொட்டலங்களில் விற்க வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு வாங்கினார்கள். இது நல்லதுதான். ஆனால் இத்தகைய பொட்டலங்களின் விலை நாணயத்தோடு ஒட்டிக்கொண்டது. 5 ரூபாய்ப் பொருளை ஐந்தரை ரூபாய்க்கு விற்க முடியாது. மூலப்பொருள் விலை ஏறினால் குறைக்க முடிந்தது எடை ஒன்றுதான். 100 கிராம் இருந்த பாக்கெட் 80 கிராம் ஆனால், அது 25 சதவீத விலையேற்றத்துக்குச் சமம். விலையேற்றம் என்றால் ஊரே பேசும். எடை குறைந்தால் யாரும் பேசுவதில்லை.

எண்ணெயில் நடந்தது இன்னும் சுவாரசியம். சூடானால் எண்ணெய் விரியும். எனவே சூடான ஒரு லிட்டரின் எடை குறைவு. சில நிறுவனங்கள் 60 டிகிரி வரை வெப்பநிலையைக் குறிப்பிட்டு ஒரு லிட்டர் என்று அச்சிட்டன. வெப்பநிலையைக் குறிக்காமல் சரியான அளவையும் எடையையும் அச்சிட வேண்டும், 2023 ஜனவரி 15-க்குள் லேபிளைத் திருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது.

அதே 2022-ல், நிர்ணயிக்கப்பட்ட அளவுகளின் பட்டியல் நீக்கப்பட்டது. 850 மில்லி எண்ணெய் பாக்கெட்டை ஒரு லிட்டர் பாக்கெட்டின் பக்கத்திலேயே வைத்து விற்கத் தடையில்லாமல் போனது. அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதை அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோ விலை இருக்கும். ஆனால் ஷாம்பு போன்ற பொருள்களில் 10 மில்லி வரையிலான பொட்டலங்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதாவது ஏழைகள் அதிகம் வாங்கும் பொட்டலத்துக்கே பாதுகாப்பு குறைவு.

பிரான்சில் 2024 ஜூலை முதல், எடை குறைந்து கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது, பல நிறுவனங்கள் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டின் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டின. விலை நிற்கும், எடைதான் நகரும் என்பதற்கு இது நல்ல சான்று.

தேவாரத்துக்குப் பக்கத்திலுள்ள போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் ஏலக்காய் கிலோ விலையில்தான் விலைபோகிறது. கிலோ விலை தெரியாமல் எந்த வியாபாரியும் வாங்குவதில்லை. அந்த ஏலக்காயைப் பறித்தவர்கள் மாலையில் மளிகைக் கடையில் தேயிலை வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரத்துக்கானது; கணக்கு பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அச்சிட்ட எடையே குறைந்திருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அச்சிட்டே குறைத்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க வாங்குபவரின் கண்தான் மரக்கால்.