தூர விலகு: ஒரு சட்டத்தின் கதை

'துஷ்டனைக் கண்டால் தூர விலகு' என்பது நம் ஊர்ப் பழமொழி. 'தற்கொல்லியை முற்கொல்' என்பதும் நம் ஊர்ப் பழமொழிதான்! இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது? அமெரிக்க மாநிலச் சட்டசபைகள் இருபது வருஷமாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கின்றன. நம்ம கல்லூரி நண்பர்கள் பலர் அங்கே குடியிருப்பதால் இந்தக் கதை நமக்கும் வேண்டியதுதான்.

இங்கிலாந்திலிருந்து போன பழைய விதி இது: வீட்டுக்குள் புகுந்து தாக்கினால் எதிர்த்து நிற்கலாம். வெளியிடத்தில் என்றால், ஆபத்தில்லாமல் விலக வழி இருக்கும்போது உயிரைப் பறிக்கக்கூடாது. 1870-களிலேயே ஒஹையோ, இண்டியானா நீதிமன்றங்கள் இதைத் தளர்த்தின. ஆனால் ஃபுளோரிடா விடாமல் வைத்திருந்தது.

2004-ல் ஐவன் புயலுக்குப் பிறகு, பென்சகோலாவில் சேதமான தன் வீட்டின் பக்கத்தில் டிரெய்லரில் தங்கியிருந்த ஒரு முதியவர், இரவில் உள்ளே நுழைந்தவனைச் சுட்டார். இவரைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் புதுச் சட்டம் என்றார்கள். 2005-ல் செனட்டில் 39-0, கீழ்ச்சபையில் 94-20. கவர்னர் ஜெப் புஷ் கையெழுத்துப் போட்டார். விலகும் கடமை வெளியிடத்திலும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த முதியவர் மீது வழக்கே போடவில்லை. பழைய சட்டமே அவரைக் காப்பாற்றிவிட்டது! இருந்தும் சில வருஷத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஃபுளோரிடா வழியில் போயின.

2012 பிப்ரவரியில் சான்ஃபோர்டு நகரில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையன், கையில் ஆயுதம் இல்லாதவன், சுடப்பட்டு இறந்தான். சுட்டவரைக் கைது செய்யவே ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. 2013 ஜூலையில் அவர் விடுதலையானார். வழக்கறிஞர்கள் இந்தச் சட்டத்தை வைத்துத் தனியாக விலக்குக் கேட்கவில்லை. ஆனாலும் ஜூரிகளுக்குத் தந்த விளக்கத்தில் இதன் வாசகம் இருந்தது.

உடனே இளைஞர்கள் கிளம்பினார்கள். டல்லஹாசியில் தலைமைச் செயலகத்திலேயே 31 நாள் உட்கார்ந்தார்கள். அதன் பலனாக ரத்து மசோதா குழுவின் முன் வந்தது. நவம்பரில் 11-2 என்று தோற்றது. 2017-ல் நிலைமை இன்னும் மாறியது. விசாரணைக்கு முந்தைய கட்டத்தில், சுட்டவர் தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, அரசுத் தரப்பு மறுத்து நிரூபிக்கட்டும் என்று திருத்தினார்கள். அதே ஆண்டு ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, 2005-க்குப் பின் ஃபுளோரிடாவில் கொலை விகிதம் 24.4 சதவீதம் உயர்ந்ததாகச் சொன்னது.

அப்படியானால் எதையுமே மாற்ற முடியாதா? முடியும். 2020-ல் அஹ்மத் ஆர்பரி கொலையின் வீடியோ வெளிவந்த பிறகு, பொதுமக்களே ஆளைப் பிடிக்கலாம் என்ற 1863-ஆம் வருஷச் சட்டத்தை ஜார்ஜியா 2021-ல் நீக்கியது. ஆனால் விலக வேண்டாம் என்ற அதன் 2006 சட்டத்தைத் தொடவில்லை.

ஒரு சட்டத்தைக் கொண்டுவர ஒரு கூட்டத்தொடர் போதும். எடுக்க ஒரு தலைமுறை போதவில்லை. ஆகவே இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, எந்த ஊரிலும் எந்தச் சட்டத்தையும் மாற்ற வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: பழைய சட்டத்தால் கஷ்டப்பட்ட ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்!