நேசம் சரவணமுத்துவும் பெண்கள் கற்கையும்

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என விரியும் வடகொழும்பின் அரசியலைப் பயில்வோர் நேசம் சரவணமுத்துவைக் கணவரின் நிழலாகவே கருதுவதுண்டு. தேர்தல் மனுவினால் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து அரசாங்க சபை ஆசனத்தை இழக்க, 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கு வாக்காளர் அவர்தம் துணைவியாரைத் தெரிவுசெய்தனர் என்பது மெய்யே. ஆயின், 1936 பொதுத்தேர்தலிலும் அவ்வம்மையாரே வென்றமைக்கு இவ்விளக்கம் போதுமா? (கணவர் 1937இல் கொழும்பின் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது மேயரானமை மட்டும் எவர்க்கும் மறப்பதில்லை!) 1931இல் வாக்குரிமை பெற்ற பெண்கள் அவருக்கு எத்துணை ஆதரவளித்தனர் என்பதை வரலாற்றுப் பாடம் அரிதாகவே வினவுகின்றது. இத்தகைய வினாக்களை எழுப்பவே பெண்கள் கற்கை 1970இல் அமெரிக்காவின் சான் டியாகோ அரசக் கல்லூரியில் தனிப் பாடநெறியாயிற்று. அதனைச் சிறப்புப் பாடமாகப் பயில விழையும் கலைப்பீட மாணவர் 1936ஆம் ஆண்டு வாக்காளர் இடாப்பிலிருந்தே தொடங்கலாம்.